பதினைந்து டாலர் அட்டையும் அடுத்த தலைவரும்

கனடாவில் கன்சர்வேடிவ் கட்சி ஒரு தேர்தலில் தோற்றால் மறுநாள் காலையிலேயே ஒரு பெயர்ப்பட்டியல் வந்துவிடும். 2025 ஏப்ரல் 28 இரவு மார்க் கார்னியின் லிபரல் கட்சி 169 இடங்களையும் கன்சர்வேடிவ் கட்சி 144 இடங்களையும் பிடித்தன. கன்சர்வேடிவ் தலைவர் பியர் பொலியேவ் 2004 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர். அன்று ஒட்டாவாவை ஒட்டிய கார்ல்டன் தொகுதியில் தன் சொந்த இடத்தையே இழந்தார். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட், நோவா ஸ்கோஷா முதல்வர் டிம் ஹூஸ்டன், அல்பேர்ட்டாவின் டேனியல் ஸ்மித், கட்சிக்குள் இருக்கும் ஜமீல் ஜிவானி, மெலிசா லாண்ட்ஸ்மன் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் அல்பேர்ட்டாவின் பேட்டில் ரிவர்-குரோஃபுட் இடைத்தேர்தலில் பொலியேவ் எண்பது சதவீதத்தை ஒட்டிய வாக்குகளோடு நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார். 2026 ஜனவரி கடைசியில் கால்கரி மாநாட்டில் நடந்த தலைமை மறுஆய்வு வாக்கெடுப்பில் 87 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு பெற்றார். பட்டியல் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் மறையவில்லை, மறையவும் மறையாது.

இந்தக் கட்சியின் தலைமைப் போட்டிகளை நான் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். நான் அந்தக் கட்சிக்காரன் என்பதால் அல்ல. கனடாவில் பொதுத்தேர்தலை விடச் சில ஆயிரம் பேரின் கையில் அதிக வலு இருக்கும் இடம் இதுதான். அதில் கனடாத் தமிழர்களான நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் "அடுத்தவர் யார்?" என்ற பேச்சு ஓடும் விதம் எனக்குப் பொறுக்கவில்லை. யார் பிரபலம், யார் நன்றாகப் பேசுகிறார், கருத்துக்கணிப்பில் யார் முன்னால் என்றே பேசுகிறார்கள். தலைவரைத் தீர்மானிக்கும் விஷயங்கள் வேறு. யார் எந்தத் தொகுதியில் எத்தனை உறுப்பினரைச் சேர்த்தார் என்பது ஒன்று. யார் மற்றவர்களின் ஆதரவாளர்களுக்கு இரண்டாவது விருப்பமாக இருக்கிறார் என்பது மற்றது.

பட்டியல்கள் எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்கு 2020 ஜனவரி போதும். கட்சியின் அப்போதைய தலைவர் ஆண்ட்ரூ ஷியர் விலகப்போவதாக அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எல்லோர் வாயிலும் இருந்த பெயர்கள் றோனா அம்ப்ரோஸ், ஷான் ஷரே, பொலியேவ். மூவரும் அடுத்தடுத்த மூன்று நாட்களில் போட்டியிடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சிய பெரிய பெயர் பீட்டர் மக்கே. அவர்தான் வெல்வார் என்றார்கள். வென்றது எரின் ஓ'டூல். அதற்கு முன்பு 2017 போட்டியில் தொலைக்காட்சிப் புகழ் கெவின் ஒலியரி முன்னணியில் இருப்பதாகக் கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. கியூபெக்கில் தனக்கு ஆதரவு போதாது என்று சொல்லி ஏப்ரல் கடைசியில் அவர் விலகி, மாக்சிம் பெர்னியேயை ஆதரித்தார். அப்போது பெர்னியேதான் அடுத்தவர் என்று எழுதினார்கள். அவரும் தோற்றார்.

ஏன் இப்படி நடக்கிறது என்று புரிய அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2003 டிசம்பரில் ஸ்டீபன் ஹார்ப்பரின் கனேடியன் அலையன்ஸ் கட்சியும் மக்கேயின் முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சியும் இணைந்து இன்றைய கட்சி பிறந்தது. அலையன்ஸுக்கு மேற்கு மாகாணங்களில் உறுப்பினர்கள் குவிந்திருந்தார்கள். மக்கே பக்கத்தில் எண்ணிக்கை குறைவு, அட்லாண்டிக் கரையில் வேர் அதிகம். ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் மேற்கே எப்போதும் வெல்லும். அதனால் மக்கே பக்கம் ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றது: எல்லாத் தொகுதிக்கும் சம எடை, தொகுதிக்கு 100 புள்ளிகள். அந்த 100 புள்ளிகளும் அங்கே பதிவான வாக்கு விகிதப்படி வேட்பாளர்களுக்குப் பிரியும். கால்கரியில் இரண்டாயிரம் பேர் வாக்களித்தாலும் 100தான், கியூபெக்கின் ஏதோ ஒரு மூலையில் ஐம்பது பேர் வாக்களித்தாலும் 100தான். 2005 மொன்றியல் மாநாட்டில் இதை மாற்றப் பார்த்தார்கள். மக்கே கொதித்துப் போனார், மாற்றம் நடக்கவில்லை. பிற்பாடுதான் ஒரு திருத்தம் வந்தது. 2022 போட்டியில் நூறு பேருக்குக் குறைவாக வாக்களித்த தொகுதிக்கு எத்தனை வாக்கோ அத்தனை புள்ளி மட்டுமே கிடைத்தது.

இதோடு வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று வரிசைப்படி விருப்பத்தைக் குறிக்க வேண்டும். கடைசியில் இருப்பவர் வெளியேற, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2017இல் சீட்டில் 14 பெயர்கள். பதின்மூன்றாவது சுற்றில்தான் முடிவு தெரிந்தது. முதல் பன்னிரண்டு சுற்றுகளிலும் பெர்னியே முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றில் ஷியர் 51 சதவீதம், பெர்னியே 49 சதவீதம்.

அந்தத் தோல்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பெர்னியேயின் சொந்தத் தொகுதி, கியூபெக்கின் போஸ். பால், முட்டை, கோழி உற்பத்திக்கு அளவும் விலையும் நிர்ணயித்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கனடாவில் உண்டு. அதை ஒழிப்பேன் என்றார் பெர்னியே. பால் பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கட்சியில் சேர்ந்தார்கள், ஷியருக்கு வாக்களித்தார்கள். போஸ் தொகுதியிலேயே கடைசிச் சுற்றில் ஷியர் முந்தினார். வென்ற சில நாட்களில் ஒட்டாவாவில் பத்திரிகையாளர் விருந்து மேடையில் ஷியர் எல்லோர் முன்பும் ஒரு பால் பெட்டியைத் திறந்து குடித்துக் காட்டினார். யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள், சரியான தொகுதிகளில், சரியான நேரத்தில் அட்டை எடுத்ததால் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பது மாறியது. அதை நடக்கும் முன்பே சொன்ன பட்டியல் எதையும் நான் பார்த்ததில்லை. பெர்னியே அடுத்த ஆண்டே வெளியேறி மக்கள் கட்சி என்று தனிக்கட்சி தொடங்கினார்.

2020 இன்னும் வியப்பானது. பெருந்தொற்றுக் காலம், எல்லாம் தபால் வாக்கு. உறைகளை வெட்டும் இயந்திரம் ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கிழித்துவிட, ஆகஸ்ட் 23 மாலை வர வேண்டிய முடிவு நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணிக்கும் மேலேதான் வந்தது. லெஸ்லின் லூயிஸ் அப்போது நாடாளுமன்றத்தில்கூட இல்லாத ஒரு வழக்கறிஞர், கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் ஆதரவு பெற்றவர். இரண்டாவது சுற்றில் வெறும் வாக்கு எண்ணிக்கையில் முதலிடம் அவருக்குத்தான். சுமார் 60 ஆயிரம் வாக்குகள், ஓ'டூலையும் மக்கேயையும் விட அதிகம். ஆனால் புள்ளியில் அவர் மூன்றாமிடம், எனவே வெளியேறினார். அவருடைய வாக்குகள் மேற்கே குவிந்திருந்தன, கியூபெக்கில் மெலிந்திருந்தன. அவர் போனதும் அவருடைய ஆதரவாளர்களில் பெரும்பான்மையோர் ஓ'டூலைத்தான் அடுத்து எழுதியிருந்தார்கள். மக்கே வீழ்ந்தார். தான் வாதாடிக் கொண்டுவந்த சமபுள்ளி முறையும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஒன்ராறியோவுக்கு வருகிறேன், ஏனென்றால் நாங்கள் இருக்கும் இடத்துக்கு மிக அருகே நடந்த கதை அது. மாகாணத்தின் முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி தனிக்கட்சி, ஆனால் கிட்டத்தட்ட இதே புள்ளி முறை. 2018 ஜனவரி 24 இரவு, அதன் தலைவர் பற்றிக் பிரவுன் மீது தொலைக்காட்சியில் பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் வெளியாயின. அவற்றை மறுத்த அவர், விடிவதற்குள் தலைமையை விட்டு விலகினார். தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் டக் ஃபோர்ட் ரொறன்ரோ மேயர் பதவிக்கு மீண்டும் போட்டியிடப்போவதாக அறிவித்திருந்தார். மாகாணத் தலைமைக்கான எந்தப் பட்டியலிலும் அவர் பெரிதாக இல்லை. கிறிஸ்டின் எலியட்டும், முன்னாள் பிரதமரின் மகள் கரொலைன் மல்ரோனியும்தான் பேசப்பட்டார்கள்.

மார்ச் 10ஆம் தேதி மார்க்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முடிவு அறிவிக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதம். வாடகை நேரம் முடிந்துவிட்டது என்று கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவில் முடிவு வந்தது: ஃபோர்ட் 50.6 சதவீதப் புள்ளிகள், எலியட் 49.4. வாக்குகளை எண்ணினால் எலியட்டுக்கு 32 ஆயிரத்துக்கு மேல், ஃபோர்டுக்கு 30 ஆயிரம். தொகுதிகளிலும் எலியட் 64, ஃபோர்ட் 60. இரண்டிலும் முந்தியவர் தோற்றார். மறுநாள்தான் எலியட் முடிவை ஏற்றுக்கொண்டார். அவருக்கு அது மூன்றாவது தலைமைத் தோல்வி. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நாலாவது இடத்துக்கு வந்த டான்யா கிரானிக் அலனின் ஆதரவாளர்கள், பள்ளிப் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை எதிர்த்தவர்கள், பெரும்பாலும் ஃபோர்டை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். ஒன்ராறியோவை இன்றுவரை ஆளும் முதல்வரைத் தேர்ந்தெடுத்ததில் அந்த இரண்டாவது இலக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கதையில் நாம் எங்கே வருகிறோம்? பிரவுனோடு வருகிறோம். ஹார்ப்பர் ஆட்சி 2006இல் புலிகளைத் தடை செய்தது. 2010இல் சன் சீ கப்பலில் அடைக்கலம் தேடி வந்த 492 தமிழர்களைச் சிறை வைத்தது. தமிழ் வீடுகளில் அந்தக் கட்சியின் பெயருக்கு நல்ல முகம் இருக்கவில்லை. 2013இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு ஹார்ப்பர் போக மறுத்தது அதை ஓரளவு மாற்றியது. பிறகு 2015இல் பாரி தொகுதியின் பின்வரிசை எம்பியாக இருந்த பிரவுன் மாகாணத் தலைமைக்குப் போட்டியிட்டார். சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலானோர் எலியட் பக்கம். பிரவுன் அவர்களை விட்டுவிட்டு கோயில் திருவிழாவுக்கும் குருத்வாராவுக்கும் ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கும் போனார். சுமார் 76 ஆயிரம் உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைத் தான் சேர்த்ததாகச் சொன்னார். 62 சதவீதத்தோடு வென்றார். 2018 தேர்தலில் அந்தக் கட்சியில் விஜய் தணிகாசலம், லோகன் கணபதி இருவரும் சட்டமன்றம் போனார்கள். தமிழினப்படுகொலை கல்வி வாரச் சட்டம் 2021இல் நிறைவேறியது தணிகாசலம் கொண்டுவந்த மசோதாவால். ஸ்காபரோ ரூஜ் பார்க் பகுதியில் மாகாணத்துக்குத் தணிகாசலத்தையும் ஒட்டாவாவுக்கு லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரியையும் மக்கள் அனுப்பி வருகிறார்கள். கட்சிப் பெயரை மட்டும் பார்த்து நம் ஆட்கள் வாக்களிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லியே ஆக வேண்டும். நாடு தழுவிய கன்சர்வேடிவ் கட்சியின் உறுப்பினர் அட்டை பதினைந்து டாலர் அளவில்தான். பதினான்கு வயது நிரம்பினால் போதும், குடியுரிமை வேண்டாம், நிரந்தர வதிவிடம் இருந்தால் போதும். பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாத, வந்து சில வருஷமான ஒருவர் நாளைய பிரதமராக வரக்கூடியவரைத் தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு பெரிய கதவு அது! ஆனால் மண்டபத்தில் யாரோ தெரிந்தவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அதோடு சரி. மாதங்கள் கழித்துத் தபாலில் சீட்டு வரும்போது அது என்னவென்றே தெரிவதில்லை. "தம்பி, இது என்ன பில்லோ, ஒருக்கா பாரும்" என்று ஒரு மாமி எனக்கு நீட்டிய உறைக்குள் இருந்தது தலைமைத் தேர்தல் வாக்குச்சீட்டு. நாடு தழுவிய கட்சியின் போட்டிகளில் சீட்டோடு அடையாள அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைத் தவறவிட்டால் வாக்கு எண்ணப்படாது. 2022இல் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் 6 லட்சத்து 78 ஆயிரம் பேர். எண்ணப்பட்டது நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். மிச்சமுள்ள லட்சங்களில் எத்தனை மாமிகள் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். படிவத்தோடு நம்மிடம் வருகிறவர்கள் வாக்களிக்கும் முறையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாருக்கு முதல் இலக்கம், யாருக்கு இரண்டாவது என்பதை அந்த மாமியே தீர்மானிக்க வேண்டும், படிவம் கொண்டுவந்தவர் அல்ல.

அந்த 2022 போட்டியில் பிரம்ப்டன் மேயராகிவிட்ட பிரவுனும் இறங்கினார். ஒன்றரை லட்சம் பேரைச் சேர்த்ததாக அவர் தரப்பு சொன்னது. தேர்தல் நிதி விதிகளை மீறியதாகக் கூறி ஜூலையில் கட்சி அவரைத் தகுதி நீக்கம் செய்தது. அவர் மறுத்தார், பலனில்லை. அவரை நம்பி அட்டை எடுத்த நம்மவர்கள் பலரின் கையில் அவர் பெயரும் இருந்த சீட்டு மட்டும் மிஞ்சியது. பொலியேவ் மூன்று லட்சத்துக்கும் மேல் உறுப்பினர் சேர்த்ததாக அறிவித்து, முதல் சுற்றிலேயே 68 சதவீதத்தோடு முடித்துவிட்டார். 338 தொகுதிகளில் 330 அவருடையவை.

என் வாதத்தின் மையம் இதுதான். வென்ற விதம்தான் ஒரு தலைவர் எவ்வளவு காலம் தாங்குவார் என்பதைத் தீர்மானிக்கிறது. ஷியர் 51 சதவீதத்தில், பிறரின் இரண்டாம் மூன்றாம் விருப்பங்களால் வந்தார். 2019இல் லிபரல்களை விட அதிக வாக்கு விகிதம் வாங்கியும் ஆட்சி கிடைக்காதபோது அவருக்காக நிற்க ஆள் இல்லை. ஓ'டூல் சமூகப் பழமைவாதிகளுக்கு வாக்குறுதி கொடுத்து வென்றார், பிறகு நடுவுக்கு நகர்ந்தார். 2022 பிப்ரவரியில் சொந்த எம்பிக்களே 73க்கு 45 என்று அவரை இறக்கினார்கள். பொலியேவ் யாருடைய இரண்டாவது விருப்பத்துக்கும் கடன்படவில்லை. அவர் சேர்த்த லட்சங்கள்தான் இப்போது கட்சி. வென்றிருக்க வேண்டிய தேர்தலில் தோற்று, சொந்தத் தொகுதியையும் இழந்து, நோவா ஸ்கோஷா எம்பி கிறிஸ் டான்ட்ரமோன், மார்க்கம்-யூனியன்வில் எம்பி மைக்கேல் மா இருவரும் லிபரல் பக்கம் தாவிய பின்னும் கால்கரியில் 87 சதவீதம் வந்ததை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, ஒரு நாள் அவர் போகத்தானே வேண்டும், அப்போது? ஃபோர்டின் பெயர் முதலில் வரும். மாகாண முதல்வராக இருந்து பிரதமரானவர்கள் கனடா வரலாற்றில் இருவர்தான்: ஜான் தாம்சன் 1892, சார்ல்ஸ் டப்பர் 1896. இருவரும் நோவா ஸ்கோஷா. அதற்குப் பிறகு மனிடோபாவின் ஜான் பிராக்கன், ஒன்ராறியோவின் ஜார்ஜ் ட்ரூ, நோவா ஸ்கோஷாவின் ராபர்ட் ஸ்டான்ஃபீல்ட் என்று முதல்வர்களை அழைத்துவந்து தலைவராக்கிப் பார்த்தது இதன் முன்னோடியான முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி. ஸ்டான்ஃபீல்ட் 1972இல் 109க்கு 107 என்று மயிரிழையில் தோற்றார், மற்றவர்கள் கிட்டேயும் வரவில்லை. ஃபோர்டுக்கு பிரெஞ்சு வராது என்பது ஒரு பக்கம். அதை விடப் பெரியது, கட்சி உறுப்பினர்களுக்கு அவர் மேல் இருக்கும் கோபம். 2025 தேர்தல் இரவில் ஜிவானி தொலைக்காட்சியிலேயே ஃபோர்டைக் கடுமையாகத் தாக்கினார். அதைக் கேட்டு மகிழ்ந்த உறுப்பினர்கள் ஏராளம். அவர்களின் சீட்டில் ஃபோர்டுக்கு மூன்றாவது இலக்கம்கூடக் கிடைக்காது.

டேனியல் ஸ்மித்துக்கு வேறு சிக்கல். இப்போது 343 தொகுதிகள், 34,300 புள்ளிகள். அல்பேர்ட்டாவில் எத்தனை லட்சம் பேர் அட்டை எடுத்தாலும் 37 தொகுதிகளுக்கு 3,700 புள்ளிதான். ஒன்ராறியோ 12,200. கியூபெக்கில் 78 தொகுதிகள் உண்டு, தொகுதிக்கு நூறு பேரைத் திரட்ட முடிந்தவருக்கு அவை பொன். ஹூஸ்டனின் நோவா ஸ்கோஷாவுக்கு 1,100. அவர் பொலியேவிடமிருந்து விலகி நின்றவர். நல்ல நிர்வாகியாக எனக்குத் தெரிகிறார், ஆனால் இன்றைய உறுப்பினர் பட்டியலோடு அவர் வெல்ல வேண்டுமென்றால் புதிதாக லட்சம் பேரையாவது உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஆகவே பெயர் சொல்லு என்று என்னை நெருக்கினால், முதல்வர்களை விட்டுவிட்டு இப்போதைய எம்பிக்களைப் பாருங்கள் என்பேன். பொலியேவின் ஆதரவாளர்களுக்குக் கசக்காதவர், பிரெஞ்சில் விவாதம் செய்யக்கூடியவர், ரொறன்ரோவைச் சுற்றிய தொகுதிகளில் அமைப்பு வைத்திருப்பவர். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் இன்னும் முன்னால் வரவில்லை. பதவி காலியானதும் கட்சி முதலில் மூன்று விஷயங்களை அறிவிக்கும்: நுழைவுக் கட்டணம், கையெழுத்து எண்ணிக்கை, உறுப்பினராகச் சேரக் கடைசித் தேதி. 2017இல் ஒரு லட்சம் டாலராக இருந்த கட்டணம் 2020இல் வைப்புத்தொகையோடு மூன்று லட்சமானது. பட்டியலில் உள்ள பாதிப் பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். மூன்றாவது விஷயம் நமக்கு. அந்தத் தேதிக்குள் புதுப்பிக்காத அட்டைக்குச் சீட்டு வராது. முன்பு கையெழுத்துப் போட்ட அட்டைகள் பல இந்நேரம் காலாவதியாகியிருக்கும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.